மூலிகை கேப்சூல் இருக்கிறதே, இன்ஹேலரை நிறுத்தலாமா?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. எட்டு வயதிலிருந்து வீசிங். இரண்டு வருடமாகப் புடசோனைடும் ஃபார்மோட்டராலும் சேர்ந்த இன்ஹேலரைக் காலை, இரவு எடுத்துக்கொள்கிறாள். போன மாதம் என் நாத்தனார் ஒரு டப்பா கொண்டுவந்து கொடுத்தார். கர்குமின், சல்லகி, ஆடாதோடை மூன்றும் சேர்ந்த கேப்சூல், 60 எண்ணம், 1,850 ரூபாய். கூடவே வந்த துண்டறிக்கையில் 'மூச்சுக்குழாய் அழற்சியைக் குறைப்பது ஆய்வில் நிரூபணம்' என்று போட்டிருந்தது. நான் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. சும்மா நம்பாமல் அந்தக் கட்டுரையைத் தேடிப் படித்தேன். எலிகளில் செய்திருக்கிறார்கள், அழற்சி உண்மையிலேயே குறைந்திருக்கிறது. அதனால் கேப்சூலைத் தொடங்கி, ஒன்பது நாளாக இன்ஹேலரை நிறுத்தியிருக்கிறோம். நன்றாகத்தான் இருக்கிறாள், இரவில் மட்டும் லேசாக இருமல். இப்படியே தொடரலாமா? வாரம் ஒருநாள் வீட்டில் சாம்பிராணி போடுவோம், அது பரவாயில்லையா?
(திருப்பூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒரு வேலை. இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். இன்று இரவே அந்த இன்ஹேலரை எடுத்து, உங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்த அதே அளவில் மறுபடி ஆரம்பித்துவிடுங்கள். எடுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். 'இரவில் மட்டும் லேசாக இருமல்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் என்னை உட்காரவிடாத வரி அதுதான். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு விடியற்காலை இரண்டு, மூன்று மணிக்கு வரும் இருமல் லேசான சங்கதி இல்லை. மூச்சுக்குழாய் மறுபடி சிவந்து வீங்க ஆரம்பித்துவிட்டது என்பதற்கு அது முதல் அடையாளம்.

ஒன்பது நாள் நன்றாக இருந்தாளே என்று கேட்பீர்கள். தோசைக்கல்லுக்குக் கீழே அடுப்பை அணைத்த பிறகும் கல் கொஞ்ச நேரம் சூடாகத்தானே இருக்கும். இன்ஹேலரில் இருக்கும் இரண்டு மருந்துகளில், குழாயை விரிக்கும் ஃபார்மோட்டரால் அரை நாளில் தீர்ந்துவிடும், ஆனால் புடசோனைடு என்ற ஸ்டீராய்டு இரண்டு வருடமாக மூச்சுக்குழாய்ச் சவ்வில் அமைதிப்படுத்தி வைத்திருந்த வீக்கம் ஒரே நாளில் திரும்பி வராது. மெதுவாக வரும், சிலருக்குச் சில நாளில், சிலருக்குச் சில வாரத்தில். அந்த இடைவெளியில் பிள்ளை நன்றாக இருந்ததற்கான பெருமை முழுக்க, அந்தச் சமயம் பார்த்து வீட்டுக்குள் வந்த டப்பாவுக்குப் போய்விடுகிறது. உங்கள் வீட்டில் நடந்தது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்றிலிருந்து ஒரு வாரம் அவளைக் கவனமாகப் பாருங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் நடுவில் மூச்சு வாங்கினால், மூச்சு இழுக்கும்போது விலா இடுக்கோ தொண்டைக்குழியோ உள்வாங்கினால், உதடு நீலம் பாரித்தால், அவசரத்துக்கு வைத்திருக்கும் சால்பூட்டமால் எடுத்தும் இளைப்பு அடங்காவிட்டால், காலையில் பார்க்கலாம் என்று தள்ளிப்போடவே கூடாது. ஸ்பேசர் (இன்ஹேலர் முனையில் மாட்டும் குழாய்) வழியாக ஒவ்வொரு பஃப்பாக நான்கு பஃப் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. உலகத்தில் ஆஸ்துமா உள்ளவர்களில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினர்தான் இந்தியாவில் இருக்கிறார்கள், ஆனால் ஆஸ்துமாவால் ஏற்படும் சாவுகளில் 40 விழுக்காட்டுக்கு மேல் இங்கே என்று கணக்கு சொல்கிறது. இவ்வளவு பெரிய வித்தியாசத்துக்கு முக்கியமான காரணம், உள்ளே இழுக்கும் ஸ்டீராய்டு கிடைக்க வேண்டியவர்களுக்குக் கிடைக்காமல் போவதும், கிடைத்தவர்கள் பாதியில் விடுவதும்தான்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் கட்டுரையையே தேடிப் படித்தது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம், என்னிடம் வருகிறவர்களில் நூற்றில் ஒருவர்கூட அதைச் செய்வதில்லை. கட்டுரை பொய் என்று நானும் சொல்லவில்லை. எலிகளில் அழற்சி குறைந்திருக்கும்தான். ஆனால் அந்த எலிக்கு என்ன செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

எலிக்கு இயற்கையில் நம் ஆஸ்துமா வருவதில்லை, நாம்தான் வரவழைக்க வேண்டும். முட்டை வெள்ளைக்கருவில் இருக்கும் ஓவால்புமின் என்ற புரதத்தைப் படிகார வகை உப்போடு கலந்து, ஆறேழு வார வயதுள்ள வெள்ளைச் சுண்டெலியின் வயிற்றுக்குள் ஊசியாகப் போடுவார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து மறுபடி போடுவார்கள். எலியின் உடம்பு அந்தப் புரதத்தை எதிரியாகப் பழகிக்கொண்ட பிறகு, அதையே மூச்சில் கொடுப்பார்கள். நுரையீரலுக்குள் ஈசினோஃபில் என்னும் வெள்ளணுக்கள் வந்து குவியும். கடைசியில் எலியைக் கொன்று, மூச்சுக்குழாயில் சின்னக் குழாயைச் செருகி, உப்புநீரை உள்ளே விட்டு உறிஞ்சி எடுத்து, அதில் எத்தனை அணுக்கள் இருக்கின்றன என்று நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். 'அழற்சி இத்தனை விழுக்காடு குறைந்தது' என்று துண்டறிக்கையில் வருவது பெரும்பாலும் இந்த எண்ணிக்கைதான்.

இதில் முக்கியமான ஓர் இடம் இருக்கிறது. பல சோதனைகளில் மூலிகைச் சாற்றை அந்தப் புரதத்தை மூச்சில் கொடுப்பதற்கு முன்பே, அல்லது அந்த நாட்களிலேயே சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். அதாவது நோய் வராமல் தடுக்கிறதா என்று பார்க்கிறார்கள். உங்கள் மகளுக்கோ நோய் வந்து ஆறு வருடம் ஆகிறது. அவளுடைய மூச்சுக்குழாய்ச் சுவரில் ஆறு வருடத்து மாற்றங்கள் இருக்கும், சில வாரத்துக்கு மட்டும் நோயாளியாக்கப்பட்ட எலியிடம் அது இருக்காது. அப்புறம் அளவு. இப்படிப்பட்ட எலிச் சோதனைகளில் கிலோவுக்கு 100, 200 மில்லிகிராம் கொடுப்பது சாதாரணம். எலியின் அளவை மனிதருக்கு மாற்ற, அந்த எண்ணை 12.3-ஆல் வகுப்பது வழக்கம், நீங்களே போட்டுப் பாருங்கள். 200 மில்லிகிராம் என்றால் கிலோவுக்கு 16 சொச்சம், 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 975 மில்லிகிராம். அதுவும் சோதனைச்சாலைத் தரத்தில் பிரித்தெடுத்த சரக்கில். உங்கள் டப்பாவில் மூன்று மூலிகைக்கும் சேர்த்து எத்தனை மில்லிகிராம், ஒவ்வொன்றும் தனித்தனியாக எவ்வளவு என்று போட்டிருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது.

எலிக்கும் முந்தைய படி, தட்டில் வளர்க்கும் உயிரணுக்கள். கர்குமினை எடுத்துக்கொள்வோம், வேதியியல் ஆசிரியைக்கு இது உடனே பிடிபடும். தட்டில் அழற்சிச் சமிக்ஞையை அடக்கிக் காட்ட 10, 20 மைக்ரோமோலார் செறிவு வைப்பார்கள். தைவானில் நோயாளிகளுக்கு நாளைக்கு 8 கிராம் கர்குமின் வாயில் கொடுத்துப் பார்த்தார்கள், 2001-இல் வெளியான ஆய்வு. ரத்தத்தில் எட்டிய உச்ச அளவு 2 மைக்ரோமோலாரைக்கூடத் தொடவில்லை. 8 கிராம் என்றால் 500 மில்லிகிராம் கேப்சூல் 16. குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை, உறிஞ்சப்பட்ட கொஞ்சத்தையும் கல்லீரல் உடனே மாற்றி வெளியே அனுப்பிவிடுகிறது. போதாக்குறைக்குக் கர்குமின் தானே மஞ்சளாக ஒளிரும், எதிர்ப்படும் புரதத்தோடெல்லாம் ஒட்டும், கரைசலில் தானாகச் சிதையும். அதனால் சோதனைக்குழாயில் வேலை செய்கிற மாதிரி பொய்யான அளவைக் காட்டிவிடும். 2017-இல் மருந்து வேதியியல் வல்லுநர்கள் சிலர் கர்குமின் ஆய்வுகளையெல்லாம் கூட்டிப் பரிசீலித்தார்கள். 120-க்கு மேல் மனிதச் சோதனைகள் நடந்தும், யாருக்கு எது என்று நோயாளிக்கும் டாக்டருக்கும் தெரியாத இரட்டை மறைப்பு முறையில் கண்டிப்பாகச் செய்த எதிலும் அது உறுதியாக வெற்றி பெறவில்லை என்று எழுதினார்கள். சமையலில் போடுகிற மஞ்சளைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, அதை வழக்கம்போலப் போடுங்கள். மஞ்சள்தூளில் கர்குமின் மூன்று விழுக்காட்டுச் சுமாருக்குத்தான் இருக்கும்.

இனி மனிதர்களிடம் வருவோம், நான் மனசாரச் சொல்ல விரும்புவது இங்கேதான். அமெரிக்காவில் சோயாவை வைத்து ஒரு சோதனை நடந்தது. உங்கள் டப்பாவில் சோயா இல்லை, ஆனாலும் இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் உங்கள் துண்டறிக்கை இன்று நிற்கிற அதே இடத்தில் சோயா அன்று நின்றது. சோயாவில் இருக்கும் ஜெனிஸ்டீன் என்ற பொருளை உணவில் குறைவாக எடுப்பவர்களுக்கு ஆஸ்துமா மோசமாக இருக்கிறது என்று கணக்கெடுப்பு காட்டியது. ஈசினோஃபில் அணுக்களை வெளியே எடுத்து ஜெனிஸ்டீனைச் சேர்த்தால், மூச்சுக்குழாயைச் சுருக்கும் லூக்கோட்ரையீன் என்ற பொருளை அவை குறைவாகச் சுரந்தன. இவ்வளவும் கையில் இருந்ததால், 12 வயதுக்கு மேற்பட்ட 386 ஆஸ்துமா நோயாளிகளைச் சேர்த்தார்கள். உங்கள் மகள் வயதுப் பிள்ளைகளும் அதில் வரலாம். எல்லோரும் ஏற்கெனவே தினசரி மருந்து எடுத்தும் தொந்தரவு தீராதவர்கள். பாதிப் பேருக்கு நாளைக்கு ஏறத்தாழ 100 மில்லிகிராம் சோயா ஐசோஃபிளேவோன் (ஜெனிஸ்டீன் இந்த வகைதான்), மீதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் வெறும் மாத்திரை, 24 வாரம். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, பரிசோதிக்கும் டாக்டருக்கும் தெரியாது. வழக்கமான மருந்தை யாரும் நிறுத்தவில்லை, இதைக் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவு 2015-இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. சோயா எடுத்தவர்களின் ரத்தத்தில் ஜெனிஸ்டீன் ஏறியிருந்தது, அதாவது மாத்திரையை ஒழுங்காகத்தான் சாப்பிட்டிருக்கிறார்கள், உடம்பிலும் சேர்ந்திருக்கிறது. ஆனால் முதல் ஒரு வினாடியில் ஊதித் தள்ளும் காற்றின் அளவில் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. அறிகுறிகளிலும் இல்லை. மூச்சில் வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு மூச்சுக்குழாய் அழற்சியைக் கிட்டத்தட்ட நேரடியாகக் காட்டும் அளவு, அதிலும் இல்லை. பிறகு அதே தகவல்களை மறுபடி ஆராய்ந்தபோது, ஒரு குறிப்பிட்ட மரபணு வகை உள்ளவர்களுக்கு மட்டும் சோயாவால் இளைப்புத் தாக்குதல் குறைந்திருக்கலாம் என்று தெரிந்தது. அதைத் தனியாக நிரூபிக்க வேண்டும், எல்லோருக்குமான மருந்து அது இல்லை. தட்டிலும் கணக்கெடுப்பிலும் அவ்வளவு நம்பிக்கை கொடுத்த ஒன்று, ஆறு மாதம் ஒழுங்காகச் சோதித்தபோது நின்றுபோனது. உங்கள் டப்பாவில் இருக்கிற அந்தக் கலவையை இப்படி யாராவது சோதித்திருக்கிறார்களா என்பதுதான் நாத்தனாரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. அவர் அன்போடுதான் கொண்டுவந்திருப்பார், சண்டை போட வேண்டாம்.

'ஆனால் டாக்டர், அவளே நல்லா இருக்கு என்று சொல்கிறாளே' என்று கேட்கிற அம்மாக்களுக்கு நான் எப்போதும் ஒரு சோதனையைச் சொல்வேன். பாஸ்டனில் நடந்தது, 2011-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. அதே ஆஸ்துமா நோயாளிகளுக்கு வெவ்வேறு நாட்களில் நான்கு விதமாகச் செய்தார்கள்: ஒருநாள் உண்மையான சால்பூட்டமால் இன்ஹேலர், ஒருநாள் மருந்தே இல்லாத வெறும் இன்ஹேலர், ஒருநாள் பாவனையாகச் செய்த அக்குபஞ்சர், ஒருநாள் ஒன்றுமே செய்யாமல் உட்காரவைத்தார்கள். எவ்வளவு தேறியது என்று நோயாளிகளையே கேட்டபோது சால்பூட்டமாலுக்கு 50 விழுக்காடு, வெறும் இன்ஹேலருக்கு 45, பாவனை அக்குபஞ்சருக்கு 46, சும்மா உட்கார்ந்ததற்கு 21 என்றார்கள். ஊதவைத்து அளந்து பார்த்தபோதோ, சால்பூட்டமாலில் காற்றின் அளவு 20 விழுக்காடு கூடியது, மற்ற மூன்றிலும் 7 விழுக்காட்டுச் சுமாருக்குத்தான். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே நன்றாக இருப்பதாக உணர்ந்தார்கள், குழாய் மட்டும் திறக்கவில்லை. ஆஸ்துமாவில் இதுதான் ஆபத்து. முட்டி வலியில் வலி குறைந்ததாக உணர்ந்தாலே பாதி லாபம், மூச்சுக்குழாய் அடைத்திருக்கும்போது 'நன்றாக இருக்கிறேன்' என்ற உணர்வை மட்டும் வைத்து ஒரு பிள்ளையை வீட்டில் வைத்திருக்க முடியாது.

அதனால்தான் எங்கள் அறையில் அந்த ஊதும் கருவி இருக்கிறது. உங்கள் மகளுக்கும் செய்திருப்பார்கள். மூக்கில் கிளிப் போட்டு, வாயில் அட்டைக் குழாயைக் கவ்வி, முழு மூச்சை இழுத்து ஒரே வேகமாக வெளியே தள்ள வேண்டும். 'ஊது, ஊது, ஊது, இன்னும் ஊது, விடாதே' என்று டெக்னீஷியன் பக்கத்திலேயே நின்று கத்துவார், திரையில் ஒரு கோடு மலை மாதிரி ஏறிச் சரியும். அடைப்பு இருந்தால் சரிவில் நடுப்பகுதி பள்ளம் விழுந்து தொங்கும். 'ஒன்றுமே இல்லை, நல்லாத்தான் இருக்கேன்' என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்த பிள்ளைகளிடம் அந்தப் பள்ளத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

டப்பாவில் இருக்கும் மற்ற இரண்டையும் சொல்லிவிடுகிறேன். சல்லகி என்பது பாஸ்வெல்லியா மரத்துப் பிசின். 1998-இல் 40 பேருக்கு நாளைக்கு மூன்று வேளை 300 மில்லிகிராம் வீதம் ஆறு வாரம் கொடுத்து, வெறும் மாத்திரை எடுத்த இன்னொரு 40 பேரோடு ஒப்பிட்டார்கள். 70 விழுக்காட்டினர் தேறினார்கள், மறுபக்கம் 27. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, எனக்கும் இது மேலே ஆராய வேண்டிய சரக்கு என்றுதான் படுகிறது. ஆனால் 40 பேர், ஆறு வாரம். இதை நம்பி 14 வயதுப் பிள்ளையின் தினசரி மருந்தை நிறுத்த மாட்டேன். ஆடாதோடை நம் வேலி ஓரத்துச் செடி, அதன் வாசிசீன் என்ற பொருளிலிருந்துதான் இன்று இருமல் சிரப்புகளில் இருக்கும் ப்ரோம்ஹெக்சினும், அதன் வழியாக அம்ப்ராக்சாலும் பிறந்தன. சளியை இளக்கும், வெளியே வரவைக்கும். ஆனால் சளியை இளக்குவதும் அழற்சியை அடக்குவதும் வேறு வேறு வேலை.

'மூலிகை என்றாலே ஆங்கில வைத்தியருக்கு இளப்பம்' என்று நினைத்துவிடாதீர்கள், நான் எழுதிக் கொடுக்கிற மருந்துகளிலேயே பாதிக்குப் பூர்வீகம் செடிதான். நம் ஊர் ஊமத்தையையே பாருங்கள். 1802-இல் சென்னையில் இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர், இங்கே இளைப்புக்கு ஊமத்தையைப் புகைக்கும் பழக்கத்தை ஜெனரல் ஜென்ட் என்பவருக்குச் சொல்ல, அது பிரிட்டனுக்குப் போய், அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கு மேல் ஆஸ்துமா சிகரெட்டாக விற்றது. ஊமத்தை விஷம், அளவு தவறினால் புத்தி தடுமாறும், உயிரும் போகும். அதனால் யாரும் அதைக் கேப்சூலில் அடைத்து விற்று நிறுத்திக்கொள்ளவில்லை. அதன் அட்ரோப்பினைப் பிரித்து, மூச்சுக்குழாயில் மட்டும் வேலை செய்து ரத்தத்தில் அதிகம் சேராதபடி மாற்றி, இப்ராட்ரோப்பியம், டயோட்ரோப்பியம் என்ற குழாயை விரிக்கும் மருந்துகளைச் செய்தார்கள். நெபுலைசரில் நாங்கள் விடுவது அந்த இப்ராட்ரோப்பியத்தைத்தான். தேயிலையிலிருந்து 1888-இல் பிரித்த தியோஃபிலின் என்ற இளைப்பு மருந்தும் அப்படியே. இங்கிலாந்தில் ரோஜர் ஆல்டூன்யன் என்ற ஆஸ்துமாக்கார டாக்டர், கினிப்பன்றியின் தோல்பொடுகைத் தானே மூச்சில் இழுத்து இளைப்பை வரவழைத்து, அம்மி என்ற செடியின் கெல்லினிலிருந்து செய்த சேர்மங்களை ஒவ்வொன்றாகத் தன் மேலேயே சோதித்தார். வருடக்கணக்கில் செய்தார். அதிலிருந்து 1965-இல் வந்ததுதான் குரோமோகிளைக்கேட் என்ற ஆஸ்துமா மருந்து. செடி மருந்தானது இப்படி அளந்து அளந்துதான்.

நம் பக்கத்தில் அளக்கவில்லையா என்றால், அளந்திருக்கிறார்கள். நஞ்சறுப்பான் இலையைத் தினம் ஒன்றாக ஆறு நாள் மெல்லவைத்து, டில்லியில் சிவ்புரி என்ற மருத்துவர் குழுவினர் 1969-இல் மறைப்புச் சோதனை வெளியிட்டார்கள். ஒரு வார முடிவில் இலை மென்றவர்களில் 62 விழுக்காட்டினருக்கு ஓரளவாவது குணம், ஒப்பிட வேறு இலை மென்றவர்களில் 28. சென்னையில் கே.வி. திருவேங்கடம் குழுவினரும் 1978-இல் அதை வழக்கமான ஆஸ்துமா மருந்தோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். ஆனால் 1979-இல் வந்த இன்னொரு இரட்டை மறைப்புச் சோதனையில் வித்தியாசமே தெரியவில்லை. இதில் ஒரு சிக்கல் பாருங்கள், அந்த இலையை மென்றால் பலருக்கு வாய் புண்ணாகும், உப்பு ருசி தெரியாது. எந்த இலை தனக்கு வந்தது என்று நோயாளி அந்த நிமிடமே யூகித்துவிடலாம், அப்புறம் என்ன மறைப்பு? தூதுவளை, கண்டங்கத்தரி இரண்டையும் 300 மில்லிகிராம் பொடியாக ஒரே ஒரு வேளை கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஊதவைத்துப் பார்த்த சிறிய ஆய்வு 1999-இல் வந்தது. மூச்சுக்குழாய் ஓரளவு விரிந்தது, ஆனால் சால்பூட்டமாலை எட்டவில்லை. எனக்குப் பிடித்த ஆய்வு இது, நேர்மையாகச் சொன்னார்கள். ஆனால் இரண்டு மணி நேரத்தில் குழாய் விரிவது ஒன்று, மாதக்கணக்கில் அழற்சி அடங்குவது வேறொன்று. இரண்டாவதை அங்கே சோதிக்கவில்லை.

இப்போது எச்சரிக்கைகள். டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். உணவுப் பொருளாக, துணை உணவு உரிமத்தில் விற்றால், 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று இருக்க வேண்டும், நம் உணவுப் பாதுகாப்பு விதி அப்படித்தான் சொல்கிறது. முன்பக்கம் ஆஸ்துமா, பின்பக்கம் அந்த வரி என்றால் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். உள்ளடக்கத்தில் 'பைப்பரின்' அல்லது மிளகுச்சாறு இருக்கிறதா பாருங்கள். கர்குமின் உடம்பில் ஏறுவதற்காகச் சேர்ப்பது, பெங்களூரில் 1998-இல் செய்த ஆய்வில் அது கர்குமினை 20 மடங்கு ஏற்றியது. அதே பைப்பரின் தியோஃபிலின், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின் போன்ற மருந்துகளையும் ரத்தத்தில் ஏற்றிவிடும். வீட்டில் தாத்தா பாட்டி யாராவது தியோஃபிலின் சேர்ந்த டெரிஃபிலின் மாத்திரை எடுத்துக்கொண்டு இதையும் சாப்பிட்டால் வாந்தி, படபடப்பு வரலாம். உறிஞ்சுதல் கூட்டிய மஞ்சள் கேப்சூல்களால் கல்லீரல் பாதித்தவர்கள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கிறார்கள். அரிதுதான், ஆனால் பசி போய், சிறுநீர் அடர் மஞ்சளாகி, கண் மஞ்சளானால் உடனே நிறுத்திவிட்டு எல்.எஃப்.டி. என்ற கல்லீரல் ரத்தப் பரிசோதனை பாருங்கள்.

அதைவிட எனக்குப் பெரிய பயம் வேறு. சில வருடங்களுக்கு முன் 50 வயதுக்காரர் ஒருவர் வந்தார், லாரி ஷெட்டில் வேலை. பத்து வருட இளைப்பு எட்டு மாதமாக ஒரு பொட்டலப் பொடியில் அடியோடு போய்விட்டது என்றார், ஸ்டீராய்டு என்றாலே பயந்து இன்ஹேலரைத் தூக்கிப் போட்டவர். முகம் நிலா மாதிரி உருண்டிருந்தது, கன்னம் சிவந்து, முன்னங்கையில் தொட்ட இடமெல்லாம் ரத்தம் கட்டிய நீலத் திட்டுகள், பைஜாமா நாடா வயிற்றில் ஏறாமல் கீழே நின்றது. காலை எட்டு மணிக்கு எடுத்த ரத்தத்தில், உடம்பே சுரக்கும் ஸ்டீராய்டான கார்ட்டிசால் கிட்டத்தட்ட இல்லை. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால்தான் உடம்பு தன் சுரப்பை அப்படி நிறுத்தும். இன்ஹேலரில் மைக்ரோகிராம் கணக்கில், மூச்சுக்குழாய்க்கென்றே கொடுக்கிற ஸ்டீராய்டுக்குப் பயந்து, பொடியில் முழு உடம்புக்கும் அதையே தின்றிருக்கிறார். அந்தப் பொடியைச் சட்டென்று நிறுத்தவும் முடியவில்லை, நாங்கள் ஸ்டீராய்டு மாத்திரையை எழுதிக் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்தோம், மாதங்கள் பிடித்தன. உங்கள் டப்பாவில் அப்படி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'மூன்றே நாளில் அற்புதமாகக் கேட்டது' என்று யாராவது சொல்கிற மூலிகை எதுவானாலும், எனக்கு அந்த முகம்தான் ஞாபகம் வரும்.

கேப்சூலைத் தூக்கி எறியத்தான் வேண்டுமா? என் விருப்பம், இப்போதைக்கு நிறுத்துங்கள். அவள் இப்போது நிலையில்லாமல் இருக்கிறாள், இந்த நேரத்தில் இரண்டையும் கலந்தால் எதனால் என்ன நடந்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று காட்டும் ஒரு பீக் ஃப்ளோ மீட்டர் வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். காலையில் எழுந்ததும், ராத்திரி படுக்கும் முன்பும், இன்ஹேலர் எடுப்பதற்கு முன், நின்றுகொண்டு மூன்று தடவை ஊதி அதில் அதிகமானதை ஒரு நோட்டில் எழுதட்டும். இரவு எழுந்தாளா, எத்தனை தடவை சால்பூட்டமால் எடுத்தாள், விளையாட்டு வகுப்பில் ஓடினாளா, இதுவும் பக்கத்திலேயே. அவளுடைய சிறந்த எண்ணில் 80 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் நல்லது. 80-க்கும் 50-க்கும் நடுவில் என்றால் டாக்டரைக் கூப்பிடுங்கள், 50-க்குக் கீழே என்றால் ஆஸ்பத்திரி. நாலைந்து வாரம் எண் ஆடாமல் நின்ற பிறகு, இந்த மூலிகை அவளுக்கு ஏதாவது செய்கிறதா என்று உங்களுக்கு இன்னும் ஆசை இருந்தால், உங்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டு, இன்ஹேலரை ஒரு பஃப்கூடக் குறைக்காமல், ஒரே ஒரு பொருளை மட்டும் சேர்த்து, அதே நோட்டில் தொடர்ந்து எழுதலாம். எண் உயராவிட்டால் காசு மிச்சம். இன்ஹேலர் அளவைக் குறைக்கிற காலம் அவளுக்கும் வரும், மூன்று மாதம் போல எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருந்தால் நாங்களே குறைத்துப் பார்ப்போம். நோட்டைப் பார்த்துத்தான் குறைப்போம்.

இன்னொன்று, அவள் இன்ஹேலர் எடுக்கும் விதத்தை ஒருநாள் பக்கத்தில் நின்று பாருங்கள். 14 வயதுப் பிள்ளைகள் அவசரத்தில் வாயில் வைத்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு ஓடும், மருந்து நாக்கிலேயே நின்றுவிடும். பம்ப் மாதிரி இன்ஹேலர் என்றால் ஸ்பேசரோடு, மெதுவாக இழுத்து, பத்து எண்ணும் வரை அடக்கச் சொல்லுங்கள். 'இன்ஹேலர் கேட்கவில்லை' என்று மூலிகைக்குப் போனவர்களில் பலருக்கு இன்ஹேலர் நுரையீரலுக்கே போயிருக்காது.

சாம்பிராணி கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அது எந்த மரத்துப் பிசினாக இருந்தாலும், எரிந்தால் புகைதான், வீங்கின மூச்சுக்குழாய்க்கு அது மிளகாய்த்தூள் மாதிரி. கப் சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள் மூன்றையும் அவள் படுக்கிற அறைப்பக்கம் கொண்டுபோகாதீர்கள். பூஜைக்கு விளக்கு ஏற்றினால் போதும்.

இந்த வாரமே உங்கள் டாக்டரைப் பாருங்கள், கேப்சூல் டப்பாவையும் துண்டறிக்கையையும் கையோடு கொண்டுபோங்கள், ஒன்பது நாள் நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவாரோ என்று தயங்க வேண்டாம், அது தெரிந்தால்தான் அவர் மருந்தைச் சரியாகக் கணக்குப் போட முடியும். இரவு இருமல் எந்த நாளில் நின்றது என்று அந்த நோட்டைப் பார்த்து எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.